நடுவில் தொய்கிற கட்டங்கள்

ஜனவரி 6, திங்கள்

பயிற்சி நிலையத்தில் இன்று 'சுருக்கமா சார்' கூப்பிட்டு அனுப்பினார். மேலாளர்தான். யார் வாயைத் திறந்தாலும் "சுருக்கமா, சுருக்கமா" என்று கையை ஆட்டுவதால் தையல் பிரிவில் அவருக்கு அந்தப் பெயர். விஷயம் இதுதான்: துணியின் இழையை எண்ணித் தைக்கும் வேலைக்கு நல்ல புத்தகம் ஒன்று வேண்டுமாம். எல்லாத் தையல்களும் அடங்கியதாக, சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கிற மாதிரி, எல்லாக் கிளைகளுக்கும் பொதுவாக ஒன்று. எது என்று நான் சொல்ல வேண்டும். "நீங்க சரின்னா சரி டீச்சர். அதுக்கு மேல யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார். இப்போதாவது தெரிந்ததே. சுருக்கமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வரும் வழியில் புத்தகக் கடையில் இருந்த மூன்றையும் வாங்கிவந்தேன். சாப்பிட்டதும் இழை எண்ணும் பூதக்கண்ணாடியை எடுத்து வலது கண்ணில் வைத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றும் குப்பை. தையல் விளக்கம் பரவாயில்லை, ஆனால் கட்டம் போட்ட படங்களில் கோடு நேராக நிற்கவில்லை. நடுவில் தொய்கிறது. பூத்தையலுக்கு இது போதும். இழை எண்ணுகிற வேலைக்குப் போதுமா? ஒரு கோடு தப்பினால் எல்லாமே தப்பு. இந்தக் காலத்தில் அச்சடிக்கிறவர்களுக்குக் கண் எங்கே இருக்கிறதோ.

ஜனவரி 11

பழைய புத்தகக் கடைக்குப் போனேன். தடித்த அட்டை போட்ட ஒன்று கிடைத்தது. முதல் பக்கத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு தையலுக்கும் முன்பக்கம், பின்பக்கம், ஊசி எங்கே இறங்கி எங்கே ஏறுகிறது என்று பொறுமையாகப் போட்டிருந்தார்கள். கண்ணாடியை வைத்துப் பார்த்தால், அதுவும் அப்படியே. நடுவில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று முட்டுகின்றன.

கடைக்காரரிடம் காட்டினேன். அவர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நேராத்தானேம்மா இருக்கு?" என்றார். உங்களுக்கு எல்லாம் நேராகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

ஜனவரி 18

வீட்டுக்காரரோடு சண்டை. படுக்கையறைக் கதவின் நிலை கோணிவிட்டது. தச்சர் வீட்டுக் கதவு நிலை கோணினால் ஊர் சிரிக்காதா? நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். "ஒத்தக் கண்ண மூடிப் பாருங்க, நடுவுல உள்ள வாங்கியிருக்கு." அப்படிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். பலகையின் ஓரத்தை அவர் எப்போதும் அப்படித்தான் பார்ப்பார்.

பார்த்தார். நேரே போய் ரசமட்டத்தை எடுத்துவந்து நிலையில் வைத்தார். குமிழி நட்ட நடுவில் நின்றது.

"இப்ப என்ன சொல்ற?"

"ரசமட்டமும் கெட்டுப்போச்சு போல."

அதற்கு அவர் பார்த்த பார்வை இருக்கிறதே.

ஜனவரி 19

இன்னும் பேசவில்லை. நிலை இன்னும் கோணல்தான்.

ஜனவரி 22

நாத்தனார் வந்தாள். வீட்டுக்காரரின் தங்கை. என்னைவிட ஒரு வயதுதான் சின்னவள், ஆனாலும் "அண்ணி அண்ணி" என்று வாய் ஓயாது. ஒரு கட்டுக் காகிதத்தை மேசையில் வைத்தாள். வருடக்கணக்காக அவள் வரைந்துகொண்டிருந்த தையல் படங்கள். அவ்வப்போது ஒன்றிரண்டு காட்டியிருக்கிறாள். இத்தனை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கணவர் போன பிறகு அவள் இதில்தான் மூழ்கிக் கிடந்திருக்கிறாள் என்று இன்றுதான் புரிந்தது. குறுக்குத் தையல், நாலுபக்கத் தையல், இழை உருவும் வேலை, கட் ஒர்க் எல்லாம் இருக்கிறது. சுருக்கமா சாரிடம் பேசியிருக்கிறாள். நான் சரிபார்த்துக் கொடுத்தால் நிலையமே அச்சுப் போட்டுவிடுமாம்.

"நல்ல புத்தகம் தேடி நீங்க ஏன் அலையணும்? இதப் பாருங்க. சரின்னா சரின்னு சொல்லுங்க, தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கண்ண மூடிக்கிட்டுக் கேப்பேன்."

அவளுக்கு இது ஒரு புத்தகம் மட்டும் இல்லை. போகும்போது வாசலில் நின்று அந்தக் கட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போகிறவள்கூட அப்படிப் பார்க்க மாட்டாள்.

ஜனவரி 27

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன். இப்படி வரும் என்று நினைக்கவில்லை. கை நல்ல கை, எழுத்து நல்ல எழுத்து. ஆனால் கட்டத்தின் நடுவுக்கு வந்ததும் எல்லாம் குழம்புகிறது. நாலு இழை என்று எழுதியிருக்கிறாள், படத்தில் மூன்றுதான் இருக்கிறது. எதிரெதிரே நிற்க வேண்டிய தையல் கட்டுகள் ஒரு இழை விலகி நிற்கின்றன.

பூத்தையல் என்றால் கண்டுகொள்ளாமல் விடலாம். கட் ஒர்க்கில் விட முடியாது. நாலு இழைக்கு மேல் ஐந்து தையல் போட்டால் ஒரு கட்டு. எதிரில் அதற்கு நேராக இன்னொரு கட்டு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இழைகளைக் கத்தரிப்போம். வெட்டிய நுனியைப் பிடித்துக்கொள்வது அந்தக் கட்டுதான். ஒரு இழை விலகி வெட்டினால் நுனியைப் பிடிக்க ஆளில்லை. துணி கையோடு வரும். வெட்டியதை யாராலும் ஒட்ட முடியாது.

சிவப்புப் பென்சிலால் திருத்திக்கொண்டு வருகிறேன். பாவம், எப்படி இப்படிச் செய்தாள்?

பிப்ரவரி 2, ஞாயிறு

திருத்திய தாள்களைப் பார்த்ததும் நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டுச் சொன்னாள்.

"அண்ணி, நான் தைச்சுப் பாத்துட்டுத்தானே வரைஞ்சேன்."

பையிலிருந்து மாதிரித் துணியை எடுத்து வைத்தாள். படத்தில் இருக்கும் அதே வேலை, வெள்ளையில் வெள்ளை. நான் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். துணியிலும் நடுவில் அதே தொய்வு. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. காரணம் கிடைத்துவிட்டதே!

"நூலை இறுக்கி இழுத்திருக்கே. இழை ஒண்ணுமேல ஒண்ணு ஏறிடுச்சு. அதப் பாத்து வரைஞ்சா படமும் அப்படித்தான வரும்?"

அவள் துணியை வாங்கிக் கைவிரலால் தடவிப் பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "எனக்குத் தெரியலையே அண்ணி" என்றாள். பிறகு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

தாள்களை எடுத்துக்கொண்டு போனாள். மீதியை நான் திருத்தித் தரத் தர, எல்லாவற்றையும் முதலிலிருந்து வரையப்போகிறாளாம். நல்ல பெண். இன்னொருத்தியாக இருந்தால் மல்லுக்கு நின்றிருப்பாள்.

பிப்ரவரி 8

நிலையத்தின் மாடிப்படியில் கடைசிப் படியைத் தவற விட்டேன். கணுக்காலில் லேசான வலி. டம்ளரில் ஊற்றிய தண்ணீர் பாதி மேசையில் விழுந்தது. தலைக்கு மேல் வேலை, வேறென்ன.

வீட்டுக்காரர் துணியால் துடைத்துக்கொண்டே, "கண்ணக் காட்டிட்டு வந்துடு" என்றார். ஒருத்தர் எனக்குக் கண் தெரியவில்லை என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கியாக இருந்தது.

பிப்ரவரி 9

போனேன். வாயை அடைக்க வேண்டுமே. மூக்குக்கண்ணாடிக் கடையிலேயே பார்த்துவிட்டார்கள். இடது கண், பிறகு வலது கண். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார் அந்தப் பையன். வலதில் ஓரிரண்டு எழுத்து கலைந்துதான் தெரிந்தது. இடது கண்ணால் ஏற்கெனவே படித்த வரிதானே, மடமடவென்று சொல்லிவிட்டேன். "சூப்பர் மேடம்" என்றார். படிக்கும் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார்.

வீட்டில் சீட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன், இனிமேல் என் கண்ணைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

ஏன் அந்த எழுத்துகளைப் பார்க்காமல் சொன்னேன்?

சும்மா. பரீட்சை என்றால் எனக்குத் தோற்கப் பிடிக்காது.

பிப்ரவரி 17

கடைசித் தாளையும் போன வாரமே திருத்திக் கொடுத்துவிட்டேன். வலது கண் களைத்துப்போய்விடுகிறது. எதிரில் நிற்கிறவர்களின் மூக்கு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. தூக்கம் போதவில்லை.

புதிதாக வரைந்ததை எல்லாம் இன்னொரு தடவை பார்க்கவா என்று கேட்டேன். நாத்தனார் பதறிவிட்டாள். "வேண்டாம் அண்ணி, எவ்வளவு நேரம் உங்க கண்ணு எரிய உக்காந்திருந்தீங்க! நீங்க போட்ட சிவப்பு ஒண்ணு விடாம மாத்திட்டேன்." சுருக்கமா சாரும் அவசரப்படுத்துகிறார். நேரே அச்சகத்துக்குப் போகிறது.

மார்ச் 10, திங்கள்

புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் அவள் பெயர். உள்ளே முதல் பக்கத்தில் தனி வரியில், சரிபார்த்தவர் என்று என் பெயர். நான் வேண்டாம் என்றேன், அவள் கேட்கவில்லை. கிளைகளுக்கெல்லாம் கட்டுக் கட்டாக அனுப்பியாகிவிட்டது. நாத்தனார் எனக்கொன்று, அண்ணனுக்கொன்று என்று தனித்தனியாகக் கொடுத்தாள். "அண்ணன் என்ன தைக்கப் போறாரா?" என்று கேட்டதற்குச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலமாகிறது.

நல்ல தாள், நல்ல அச்சு. புரட்டிப் பார்த்தேன். கண்ணாடி வைத்துப் பார்க்கவில்லை. ஏனோ எடுக்கத் தோன்றவில்லை.

மார்ச் 19

வகுப்பில் ஒரு துணி போய்விட்டது. கட் ஒர்க், மேசை விரிப்பு. வெட்டியதும் ஓரம் பிரிந்து பொலபொலவென்று வந்தது. கத்தரிக்கோல் மழுங்கியிருக்கும் என்று சொல்லி வேறு துணி கொடுத்தேன்.

மார்ச் 20

இன்று நர்சம்மாவின் துணி. ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கற்றுக்கொள்ள வருகிறவர். அவர் கையை நான் அறிவேன், கத்தரியைப் பிடித்தால் காற்றுகூட அசையாது. வெட்டினார். நுனி எல்லாம் வெளியே வந்து நின்றது. எல்லோரும் அப்படியே ஊசியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"டீச்சர், நான் புத்தகத்துல இருக்கற மாதிரியே எண்ணினேன். இங்க நாலு இழை, இங்க அஞ்சு. பாருங்க."

ஐந்தா? கட் ஒர்க்கில் ஐந்து இழை எப்படி வரும்? எனக்குக் கோபம் வந்தது. திருத்திக் கொடுத்தும் இப்படி வரைந்திருக்கிறாளே என்று நாத்தனார் மேல் கோபம். கண்ணாடியை எடுத்து அந்தப் பக்கத்தில் வைத்தேன். நடுவில் தொய்வு. அதே தொய்வு. கொஞ்சம் நகர்த்தினேன். தொய்வும் நகர்ந்தது. பக்கத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோனேன், அங்கேயும் வந்து உட்கார்ந்துகொண்டது. மேசைமேல் இருந்த வேறு தாளில் வைத்தேன். என் சேலை நுனியில் வைத்தேன். எங்கே வைத்தாலும் நடுவில் வந்து நிற்கிறது.

கண்ணாடியை இடது கண்ணுக்கு மாற்றினேன்.

எல்லாக் கோடும் நேராக இருந்தது.

மறுபடி வலது. மறுபடி இடது. நர்சம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கேட்டார், "வளைஞ்சு தெரியுதா டீச்சர்? எப்பலேருந்து?"

எப்பலேருந்து. ஜனவரியிலேருந்து. அந்தக் கதவு நிலை. அந்தக் கடைக்காரர். அந்த மாதிரித் துணி — ஐயோ, அந்தத் துணி! அவ சரியாத்தான் தைச்சிருந்தா. சரியாத்தான் வரைஞ்சிருந்தா. நான்தான் ஒவ்வொரு பக்கமா உக்காந்து, சிவப்புப் பென்சில வெச்சு, சரியா இருந்ததத் தப்பாக்கினேன். அது இப்ப எல்லாக் கிளையிலயும் இருக்கு. எத்தனை பேர் கையில கத்தரியோட இருக்காங்களோ.

மார்ச் 22

கண் மருத்துவமனை. வீட்டுக்காரர் கையைப் பிடித்து அழைத்துப்போனார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டாக்டரம்மா ஒரு தாள் கொடுத்தார். கட்டம் போட்டு, நடுவில் ஒரு புள்ளி. இடது கண்ணை மூடி, புள்ளியைப் பார்த்துக் கோடு நேராக இருக்கிறதா என்று சொல்லச் சொன்னார். "இத எந்த அச்சகத்துல போட்டீங்க டாக்டர்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. வீட்டுக்காரருக்குப் புரிந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விழித்திரையின் நடுவில் ரத்தக் கசிவாம். ஊசி போட்டு மேலே பரவாமல் நிறுத்தலாமாம். போனது போனதுதான். "கோடு வளைய ஆரம்பிச்சதும் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். இடது கண்ணிலும் வரக்கூடும், தினமும் அந்தத் தாளைப் பார்க்க வேண்டும் என்றார்.

மார்ச் 26

முதல் ஊசி போட்டாயிற்று. வலி அவ்வளவு இல்லை. இடது கண்ணால் எழுதுகிறேன்.

நாத்தனார் தினம் போன் செய்கிறாள். கண்ணில் ஏதோ கோளாறு என்று மட்டும் அவளுக்குத் தெரியும். "நம்ம புத்தகத்துக்காக உக்காந்து உக்காந்துதான் அண்ணி இப்படி ஆச்சு" என்று அழுகிறாள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றார் வீட்டுக்காரர்.

நானே சொல்கிறேன் என்றேன். என்றைக்கு என்று சொல்லவில்லை.

மார்ச் 28

இரண்டு கிளைகளிலிருந்து புகார் வந்துவிட்டதாம். சுருக்கமா சார் நாத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். தான்தான் தையலில் எங்கோ தவறு செய்திருக்க வேண்டும், சரிபார்த்தவர் மேல் தப்பே இருக்காது என்று சொல்லியிருக்கிறாள். நர்சம்மாதான் எனக்குச் சொன்னார்.

மார்ச் 30, ஞாயிறு

போனேன். நாத்தனார் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, புத்தகத்தை வைத்துக்கொண்டு எங்கே தப்பு செய்தோம் என்று தேடிக்கொண்டிருந்தாள். தைத்துத் தைத்துப் பிரித்த துணிகள் சுற்றிலும் கிடந்தன. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

எப்படியெல்லாமோ சொல்ல யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "உன் மேல தப்பில்ல. என் கண்ணு தப்பு. நீ மொதல்ல வரைஞ்சதுதான் சரி. சிவப்புல போட்டது அத்தனையும் தப்பு" என்றேன்.

அவள் உடனே திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "அப்போ என்னோடது சரியாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள். முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்தது. நான் பார்த்தேன்.

"சரியா இருந்துச்சு."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அந்தப் பழைய தாள்கள் எங்கே என்று கேட்டேன். அதை வைத்து மறுபடி அச்சடிக்கலாம், நானே போய்ப் பேசுகிறேன் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் கையில் இருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"கிழிச்சுப் போட்டுட்டேன் அண்ணி. நீங்க தப்புன்னு சொன்னத வீட்டுல எதுக்கு வெச்சிருக்கணும்னு."

பிறகு எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தம் ஏதாவது வருமா என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. வெகுநேரம் கழித்து நானே வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 4

சுருக்கமா சாரிடம் சொன்னேன். இன்று சுருக்கமாகச் சொல்ல முடியாது, முழுக்கக் கேளுங்கள் என்றேன். கேட்டார். புத்தகத்தை எல்லாக் கிளைகளிலிருந்தும் திரும்பக் கேட்டாயிற்று, சுற்றறிக்கையும் போய்விட்டது என்றார். படங்களில் பிழை என்று அவள் பெயரோடு போயிருக்கிறது.

"பிழை என்னோடது சார். என் பேரப் போடுங்க."

"அட்டையில அவங்க பேர்தானே டீச்சர் இருக்கு."

இன்னொரு கடிதம் அனுப்புங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். நானே எழுதி ஒவ்வொரு கிளைக்கும் அனுப்பிவிட்டேன். யார் படித்தார்களோ.

ஏப்ரல் 16

இரண்டாவது ஊசி. இடது கண்ணில் கோடு நேர்.

ஏப்ரல் 29

கடையில் நாத்தனாரைத் தற்செயலாகப் பார்த்தேன். பேசினாள். உடம்பைப் பற்றிக் கேட்டாள். தையலைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. கட்டம் போட்ட தாள் வாங்கிக்கொண்டிருந்தாள் என்று வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது.

மே 11, ஞாயிறு

நாத்தனார் வந்தாள். அந்த நாளுக்குப் பிறகு இந்த வீட்டுக்குள் இன்றுதான் வருகிறாள். மூன்றாவது ஊசி போட்டிருப்பது தெரிந்து வந்திருக்கிறாள். என்னைப் படுக்கச் சொல்லி, இமையை விலக்கிச் சொட்டு மருந்து விட்டாள். வழிந்ததைத் தன் முந்தானையால் ஒற்றினாள். என் தலையணை உறையை மாற்றினாள். மதியத்துக்குச் சமைத்தாள், எனக்குப் பிடித்த பதத்தில் குழையவிட்டு. அண்ணனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. மருந்தால்தான் என்று சொன்னேன்.

மறுபடி வரைகிறாளாம். மாதிரித் துணிகள் பத்திரமாக இருக்கின்றன, அவற்றைப் பார்த்து ஒவ்வொரு இழையாக எண்ணி எடுக்கிறாளாம். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரிடம் காட்டியிருக்கிறாள். அவர் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு நேராக இருக்கிறது என்றாராம்.

"எனக்கு இடது கண்ணு நல்லாத்தான் இருக்கு, ஒரு பக்கமாவது பாக்கறேனே" என்று கேட்டுவிட்டேன். வாய் நிற்கவில்லை.

"நீங்க கண்ணுக்கு ஓய்வு குடுங்க அண்ணி" என்றாள். குரல் மெத்தென்றுதான் இருந்தது. கோபம் துளிகூட இல்லை.

போர்வையை இழுத்து என் கால்வரை மூடினாள். பிறகு கட்டில் ஓரம் சாய்த்து வைத்திருந்த, கட்டம் போட்ட தாள்கள் எட்டிப்பார்த்த தன் பையை எடுத்து, கூடத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.